முன் பிள்ளை, பின் பிள்ளை

எலிக்குட்டி நகம் கடிப்பாள் என்பது அவள் அப்பாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், வகுப்பு டீச்சருக்குத் தெரியும், எதிர்வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரிந்திருக்கும். அரசாங்கத்துக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்தது. தெரியாமல் இருந்தவரை எல்லாம் நல்லபடியாகவே போய்க்கொண்டிருந்தது.

எலிக்குட்டி என்பது அப்பா வைத்த செல்லப் பேர். எதையாவது கொறித்துக்கொண்டே இருந்ததால் வைத்தார். முதலில் பென்சிலின் பின்பக்கம், அப்புறம் சட்டைக் காலர், ரெண்டாம் வகுப்புக்கு வந்ததும் நகம். வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து நின்று பாடம் வாசிக்கும்போது, முறை தன் பெஞ்சுக்குப் பக்கத்தில் வர வர அவள் கை தானாக வாய்க்குப் போகும். வாசித்து முடித்ததும் தானாக இறங்கிவிடும்.

அப்பா சாவி போடுகிறவர். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில், ஓர் ஆள் குனிந்து உட்காரும் அளவுக்குக் கடை. ஊரே அவரைச் சாவிக்காரர் என்றுதான் கூப்பிடும். கோபம் வந்தால் மனைவியும் அப்படியே கூப்பிடுவாள். அவள் ஒரு துணி கம்பெனியில் காலையிலிருந்து சாயங்காலம்வரை சட்டைகளுக்குக் காலர் மட்டும் தைப்பாள்.

"விடுங்க, வளர வளர தானா போயிரும். நானும் சின்ன வயசுல கடிச்சவதான். இப்போ கடிக்க எனக்கு நேரம் எங்க இருக்கு?" என்பாள்.

இந்த நிலைமையில்தான் சுகாதாரக் கல்விப் பிரிவு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது.

திட்டத்தின் பெயர் 'நலம் தரும் நகம்'. அதன் அலுவலர் ஒரு மேடம். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பேசும்போதெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வார், யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்கிற மாதிரி. முதல் நாளே பிள்ளைகள் எல்லாரையும் வெயிலில் நிறுத்தி மைக்கில் கேட்டார்.

"உண்மையைச் சொல்லணும். நகம் கடிக்கிறவங்க கையைத் தூக்குங்க!"

பிள்ளைகள் கையைத் தூக்கவில்லை. சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார்கள். எலிக்குட்டி மட்டும் தூக்கினாள். அதுவும் ஒரு கையைத்தான். இன்னொரு கை வாயில் இருந்தது.

ஆக, அந்தப் பள்ளிக்கூடத்தில் நகம் கடிக்கும் பிள்ளைகள் ஒன்று என்று பதிவாயிற்று.

மேடத்துக்கு முகம் வாடிவிட்டது. "ஒண்ணே ஒண்ணா? சுவரொட்டி எல்லாம் அடிச்சு வந்தாச்சே!" என்று தலைமையாசிரியரைப் பார்த்தார். தலைமையாசிரியர், நோய்க்குத் தன் பள்ளிக்கூடம் போதுமான ஒத்துழைப்பு தரவில்லையே என்று தலையைக் குனிந்துகொண்டார். கடைசியில் மேடமே சமாதானம் ஆனார். "பரவாயில்ல. ஒரு பிள்ளையா இருந்தாலும் முழுத் திட்டத்தையும் செய்வோம். ஆளுக்குத் தகுந்த மாதிரி திட்டத்தைக் குறைக்கிற வழக்கம் எங்ககிட்ட கிடையாது."

அடுத்த வாரம் ஒரு லாரியில் விரல் வந்து இறங்கியது. தெர்மாக்கோலில் செய்த ஆள்காட்டி விரல், கதவு உயரம். அதன் நகத்துக்கு அடியில் கிருமிகள் வரைந்திருந்தார்கள். ஒவ்வொரு கிருமிக்கும் மீசை, கோரைப்பல், சிவந்த கண். அதைப் பள்ளிக்கூட வாசலில், எல்லாப் பிள்ளைகளும் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும் என்கிற இடத்தில் நட்டார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு ஓடினார்கள். கண்ணை மூடினால் கை சும்மா இருக்குமா, அது வாய்க்குப் போனது.

காலையில் உறுதிமொழி. "என் நகத்தை என் வாயிடம் ஒருபோதும் ஒப்படைக்க மாட்டேன்" என்று எல்லாரும் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல வேண்டும். அது முடிந்ததும் நகச் சோதனை. பூதக்கண்ணாடியோடு ஓர் ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், பிள்ளைகள் வரிசையில் வர வேண்டும். வரிசை நீளம். தன் முறை வரும்வரை என்ன ஆகுமோ என்று பிள்ளைகள் பதறினார்கள். பதற்றத்தில் பிள்ளைகள் என்ன செய்யும்?

பின்னால் நின்றவர்கள் அதிகமாகக் கடித்தார்கள், முன்னால் நின்றவர்கள் குறைவாகக் கடித்தார்கள். இதைக் கவனித்த மேடம், வரிசையில் முன்னால் நிற்பது நகத்துக்கு நல்லது என்று குறித்துக்கொண்டார்.

அப்புறம் கசப்பு மருந்து. விரலில் தடவினால் வாயில் வைக்க முடியாது என்று ஒரு நீர்மம். ஆனால் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் எதுவும் கசக்கக் கூடாது என்று இன்னொரு பிரிவு விதி போட்டிருந்ததால், அதில் சர்க்கரையும் ஆரஞ்சு வாசனையும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். தடவிய அன்று சாயங்காலமே, "டீச்சர், இன்னும் கொஞ்சம் தடவுங்க" என்று மூன்றாம் வகுப்பு முழுக்க விரலைச் சூப்பிக்கொண்டு வந்து நின்றது.

இத்தனையும் நடக்க நடக்க, இதையெல்லாம் தினமும் எழுதி அனுப்ப வேண்டிய ரெண்டாம் வகுப்பு டீச்சருக்கும் ஒரு கை எழுதிக்கொண்டிருக்கும்போது இன்னொரு கை உதட்டருகே போக ஆரம்பித்தது. நல்ல டீச்சர். எலிக்குட்டிக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் கையைச் சட்டென்று தலைமுடிக்குக் கொண்டுபோய்க் கொண்டை ஊசியைச் சரிசெய்கிற மாதிரி நடிப்பாள்.

பெற்றோர் கூட்டத்துக்குச் சாவிக்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்தார். வேறு பெற்றோரும் வந்திருந்தார்கள். ஆனால் பதிவான பெற்றோர் அவர் ஒருவர்தான் என்பதால் முதல் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். ஒன்றாம் வகுப்புப் பெஞ்சு. முழங்கால் தாடையை இடித்தது.

மேடம் பேசினார். "நகம் என்றால் என்ன? இந்தக் கேள்வியை நாம் யாராவது நம்மிடம் கேட்டிருக்கிறோமா?"

சாவிக்காரர் யோசித்துப் பார்த்தார். கேட்டதில்லைதான்.

அப்புறம் நகத்தின் வரலாறு, நகத்தின் அமைப்பு, நகமும் சமுதாயமும் என்று மதியம்வரை போனது. முடிவில், "பிள்ளைகள் பெற்றோரைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள். எல்லாரும் கையை நீட்டுங்கள்" என்றார் மேடம். சாவிக்காரர் நீட்டினார். நாள் முழுக்க அரம் பிடிக்கும் கை. இரும்புத்தூளும் எண்ணெயும் ஏறி நகமெல்லாம் கறுப்பு.

மேடம் ஓரடி பின்னால் போனார். "என்ன இது?"

"சாவி போடுற வேலைங்க மேடம். தேய்ச்சுக் கழுவினாலும் போகாது."

"பார்த்தீங்களா!" என்று மற்ற பெற்றோரிடம் திரும்பினார். "பிரச்சினையோட வேர் எங்க இருக்குன்னு இப்போ புரியுதா?"

எல்லாரும் வேரைப் பார்த்தார்கள். சாவிக்காரர் கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். வந்ததற்கு ஒன்றையாவது தெரிந்துகொண்டு போவோம் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "மேடம், இந்தக் கடிக்கிறதை எப்படி நிறுத்துறதுன்னு சொன்னீங்கன்னா, வீட்டுல செஞ்சு பார்ப்போம்."

"அது நாலாவது அமர்வுல வருது."

"நாலாவது அமர்வு எப்போங்க?"

"அதுக்கு இன்னும் ஒப்புதல் வரலை."

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி, "ஒரு நாள் வேலையை விட்டுட்டுப் போய் நம்ம கை அழுக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு வந்திருக்கீங்க" என்றாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதற்குப் பிறகு நடந்ததற்கு யாரும் பொறுப்பில்லை.

எலிக்குட்டிக்கு மேல்வரிசையில் முன்பல் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் ரொட்டியைக் கடிக்கும்போது விழுந்தது. அந்த வாரமே பக்கத்துப் பல்லும் விழுந்தது. ரெண்டு பல்லும் போன இடத்தில் ஒரு சின்ன வாசல் திறந்து கிடந்தது. விரலை வாய்க்குக் கொண்டுபோவாள், ஈறு வழுக்கும், எதுவும் நடக்காது. எடுத்துப் பார்ப்பாள். மறுபடி வைப்பாள். அப்புறம் விட்டுவிட்டாள்.

நகம் வளர்ந்தது. பிறந்ததிலிருந்து முதல்முறையாக ஒவ்வொரு விரல் நுனியிலும் வெள்ளையாக ஒரு மெல்லிய கீற்று. அவளுக்கு அது பெரிய அதிசயம். தட்டில் டக் டக் என்று தட்டிப் பார்த்தாள். புத்தகத்தில் ஒட்டிக்கொண்டிருந்த பழைய ஒட்டுப்படத்தை ஒரே இழுப்பில் கிழியாமல் பிரித்தாள். அப்பா குனிந்து பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து முதுகில் சொறிந்துவிட்டாள்.

"அப்பா, சுகமா இருக்கா?"

"ஆகா! இன்னும் கொஞ்சம் மேல. அங்கதான், அங்கதான்."

வகுப்பில் வாசிக்கும் முறை வரும்போது அவள் இப்போது பெஞ்சில் மெதுவாகத் தாளம் போட்டாள். பயம் அந்தத் தாளத்தோடு போய்விட்டது.

நல்ல சேதியை நேரில் சொல்ல வேண்டும் என்று சாவிக்காரர் பள்ளிக்கூடத்துக்குப் போனார். டீச்சர் பிள்ளையின் கையை வாங்கிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே வெளிறிப்போயிற்று.

"ஐயையோ" என்றாள் மெதுவாக.

"என்ன டீச்சர்?"

"மேடத்துகிட்ட சொல்லணும்."

மேடம் வந்து பிள்ளையின் விரல்களைப் பூதக்கண்ணாடியில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பத்தாவது விரல்வரை ஒரு நம்பிக்கையோடு பார்த்தார். பிறகு கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டு, "யாரைக் கேட்டு நிறுத்தினா?" என்றார்.

"யாரையும் கேக்கலைங்க. பல்லு விழுந்துச்சு, விட்டுட்டா."

"பல் விழுறது எங்க திட்டத்துல வராது. அது பல் பிரிவு. அவங்க செஞ்சதை நாங்க செஞ்சதா காட்ட முடியாது. நாளைக்கே சண்டைக்கு வருவாங்க."

"மேடம், எப்படியோ நின்னுபோச்சே. அதுதானே வேணும்?"

மேடம் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். உலகம் தெரியாத மனிதரிடம் பேசும் பொறுமையோடு சொன்னார். "இங்க பாருங்க. அடுத்த வாரம் எங்க பிரிவு இயக்குநர் வர்றார். நிறைவு விழா. மேடையில ஒரு 'முன்' பிள்ளை, ஒரு 'பின்' பிள்ளை. திட்டத்துக்கு முன்னாடி நகம் எப்படி இருந்துச்சு, பின்னாடி எப்படி இருக்குன்னு அவர் கண்ணால பார்க்கணும். 'பின்' பிள்ளை தயார். அஞ்சாம் வகுப்புல ஒரு பொண்ணு. பிறந்ததுலயிருந்து நகமே கடிச்சதில்ல, அருமையான நகம். உங்க பிள்ளைதான் 'முன்'. இப்போ நீங்க 'முன்'னை இப்படி ஆக்கி வச்சிருக்கீங்க."

"அப்போ என் பிள்ளையே 'பின்'னா நிக்கலாமே மேடம்? அவதானே கடிச்சா, அவதானே விட்டா."

"அப்போ 'முன்'னுக்கு யாரு?"

"இப்போதான் பள்ளிக்கூடமே கடிக்குதே! வரிசையில நிக்கிற பிள்ளைங்களைப் பாருங்க."

"அவங்க பதிவாகலையே! இப்போ பதிஞ்சா, திட்டம் வந்த பிறகு கூடிப்போச்சுன்னு ஆகிடாதா? நீங்க என்ன, எங்களுக்கு எதிரா பேசுறீங்களா?"

"ஐயோ, இல்லைங்க."

"ஒரு வாரம்தான். விழா முடியிறவரைக்கும் கொஞ்சம் கடிக்கச் சொல்லுங்க. அதுக்கப்புறம் நிறுத்திக்கட்டும், நாங்க குறுக்க நிக்க மாட்டோம்."

சாவிக்காரர் சண்டை போடுகிறவர் இல்லை. பூட்டுக்குச் சாவி சேரவில்லை என்றால்கூடக் கோபப்படாமல் இன்னொரு தடவை அரத்தை எடுக்கிறவர். ஆனாலும் அன்று, "அதை மட்டும் நான் சொல்ல மாட்டேன் மேடம்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

விழா அன்றைக்கு அனுப்புவதே இல்லை என்று புருஷனும் மனைவியும் பேசி முடிவு செய்தார்கள். "காய்ச்சல்னு சொல்லிருவோம்" என்றாள் அவள். "காய்ச்சலுக்கு ஒரு பிரிவு வந்து நிக்கப்போகுது" என்றார் அவர். ரொம்ப நாளைக்குப் பிறகு ரெண்டு பேரும் சிரித்தார்கள்.

விழாவுக்கு முந்தின நாள் டீச்சர் கடைக்கு வந்தாள். கையில் ஒரு பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. மாடிப்படிக்கு அடியில் அவளும் குனிந்துதான் நிற்க வேண்டியிருந்தது.

"அண்ணா, நாளைக்குப் பாப்பா வரலைன்னா என்னைத் தூக்கி எங்கயாவது தூரமா போட்டுருவாங்க. மேடம் சொல்லிட்டாங்க. எனக்குக் கைக்குழந்தை இருக்கு. அம்மா படுத்த படுக்கை." சொல்லும்போதே அவள் கட்டைவிரல் உதட்டுக்குப் போனது. அதில் நகம் என்று சொல்ல ஒன்றும் மிச்சம் இல்லை.

சாவிக்காரர் அந்த விரலைப் பார்த்தார். "கடிக்கச் சொல்ல மாட்டீங்களே?"

"சத்தியமா இல்லை அண்ணா. சும்மா வந்து நின்னா போதும். தூரத்துலயிருந்து யாருக்கு நகம் தெரியப்போகுது?"

"சும்மா நிக்கிறதுன்னா வரட்டும்" என்றார் அவர். அன்றைக்கு அவர் மனைவி அவரைச் சாவிக்காரர் என்றுதான் கூப்பிட்டாள்.

விழா ஊருக்கு வெளியே ஒரு மண்டபத்தில் நடந்தது. நல்ல கூட்டம். சாவிக்காரர் பெற்றோர் பக்கம் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். எலிக்குட்டியை மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். போகும்போது திரும்பி, பத்து விரலையும் விரித்து அப்பாவுக்குக் காட்டிவிட்டுப் போனாள்.

இயக்குநர் பேசினார். கனத்த குரல்.

"பத்து வருடங்களுக்கு முன்னால், விரல் சூப்பும் பழக்கத்துக்கு எதிராக நமது பிரிவு ஒரு மாபெரும் திட்டத்தைத் தொடங்கியது. அன்று விரல் சூப்பிய பிள்ளைகளைச் சமீபத்தில் தேடிப்பிடித்துப் பார்த்தோம். இன்று அவர்களில் ஒருவர்கூட விரல் சூப்பவில்லை!" கைதட்டல். "ஒருவருக்குத் திருமணமே ஆகிவிட்டது!" இன்னும் பெரிய கைதட்டல். "சிலர் கேட்கிறார்கள், இந்தப் பிள்ளைகளை மிரட்டாமல் விட்டால் தானாகவே சரியாகிவிடாதா என்று. தானாகவே சரியாகிவிட்டால் நாங்கள் எதற்கு?" அவரே ஒரு நொடி நின்றுவிட்டுத் தொடர்ந்தார். "எனவே தானாகச் சரியாவதை நாம் அனுமதிக்க முடியாது."

பிறகு பிள்ளைகள் வந்தார்கள். 'பின்' பிள்ளை நிமிர்ந்து நடந்து வந்தாள், அருமையான நகம். அவள் பின்னால் 'முன்' பிள்ளை. கழுத்தில் 'முன்' என்று பெரிய எழுத்தில் ஓர் அட்டை. கைகளை மார்போடு சேர்த்து மடக்கி வைத்திருந்தாள்.

மேடம் அந்தக் கையைப் பிடித்து விரித்து உயர்த்திக் காட்டினார்.

சாவிக்காரர் எழுந்து நின்றுவிட்டார். கடைசி வரிசையிலிருந்தே தெரிந்தது. வெள்ளைக் கீற்று ஒன்றுகூட இல்லை. நகவெட்டியால் சதையோடு ஒட்ட ஒட்ட வெட்டியிருந்தார்கள். மோதிர விரலில் சிவப்பாக ஒரு கோடு.

"உட்காருங்க, மறைக்குது" என்றார் பின்சுவரில் சாய்ந்து நின்றவர்.

இயக்குநர் குனிந்து பிள்ளையிடம் மைக்கை நீட்டினார். "ஏம்மா கண்ணு, இப்படி நகத்தைக் கடிச்சு வச்சிருக்கே?"

"நான் கடிக்கலை. இந்த மேடம்தான் வெட்டினாங்க" என்றாள் எலிக்குட்டி. பல் இல்லாத வாயில் சொல்லெல்லாம் காற்றாக வந்தது. மண்டபத்தில் முக்கால்வாசிப் பேருக்குப் புரியவில்லை. புரிந்தவர்கள் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார்கள். மேடம் அடையாள அட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

இயக்குநர் சொல்லைக் கவனிக்கவில்லை, வாயைத்தான் கவனித்தார். அவர் கண்கள் விரிந்தன. பிள்ளையின் தாடையைப் பிடித்துக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார்.

"பார்த்தீர்களா! நகம் கடித்துக் கடித்துப் பல்லே போய்விட்டது!"

மண்டபம் "அடடா" என்றது. பிறகு கைதட்டியது. மேடம் உடனே குனிந்து குறித்துக்கொண்டார். திட்டம் இன்னும் மூன்று வருடங்களுக்கு நீட்டிக்கப்படுவதாகவும், பல் பிரிவையும் சேர்த்துக்கொண்டு விரிவாகச் செய்யப்போவதாகவும் இயக்குநர் அங்கேயே அறிவித்தார். ரெண்டாம் வகுப்பு டீச்சர் மேடை ஓரத்தில் நின்று எல்லாரோடும் சேர்ந்து கைதட்டினாள். கண்ணைத் துடைக்கக் கை காலியாக இல்லாததால் கண்ணீர் தன்பாட்டுக்கு வழிந்தது.

எல்லாம் முடிந்த பிறகு சாவிக்காரர் மேடத்தைப் பிடித்தார். மேடையில் அந்தக் கையைப் பார்த்ததிலிருந்து சேர்த்துவைத்த கோபம் எல்லாம் வெளியே வரும்போது வேறு மாதிரி வந்தது.

"மேடம், பிள்ளை விரல்ல ரத்தம் வருதுங்க."

"அப்படியா?" மேடம் நிஜமாகவே குனிந்து பார்த்தார். "தண்ணியில காட்டுங்க, சரியாயிரும். பெருமைப்படுங்க சார். இயக்குநர் பிள்ளையோட மூஞ்சியைத் தொட்டுப் பேசியிருக்கார். அடுத்த வருஷமும் இவதான் 'முன்'. நாங்களே மாத்த நினைச்சாலும் இனிமே முடியாது, படம் எடுத்தாச்சு."

சாவிக்காரர் கும்பிடு போட்டார். ஏன் போட்டோம் என்று வெளியே வந்த பிறகுதான் யோசித்தார். கை அதுவாகப் போய்க் குவிந்துவிட்டது.

பேருந்தில் இடம் கிடைத்தது. எலிக்குட்டி ஜன்னல் ஓரம். அப்பா தன் கைக்குட்டையைக் கிழித்து அவள் மோதிர விரலில் சுற்றியிருந்தார். ரெண்டு நிறுத்தம் போனது. அப்புறம் கேட்டாள்.

"அப்பா, நான் இனிமே கடிக்கணுமா, கடிக்கக் கூடாதா?"

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடிக்கக் கூடாதுடா" என்றார்.

"கடிக்காம இருந்தா வெட்டுவாங்களே?"

பேருந்து எதற்கோ நின்று கிளம்பியது. முன்னால் யாரோ சில்லறைக்குச் சண்டை போட்டார்கள். சாவிக்காரர் அவள் விரலில் சுற்றிய துணியை அவிழ்த்து மறுபடி கட்டினார். அவள் அதற்கு மேல் காத்திருக்கவில்லை. ரெண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அதன்மேல் நன்றாக அழுத்தி உட்கார்ந்துகொண்டாள்.

இறங்கும் இடம் வந்தது. "எழுந்திரு கண்ணு, கம்பியைப் பிடிச்சுக்கோ" என்றார். அவள் எழுந்தாள். எழுந்ததும் கைகளை மடக்கி ரெண்டு அக்குளிலும் இறுக்கி வைத்துக்கொண்டாள். பேருந்து ஆடியது, அவளும் ஆடினாள், ஆனால் கம்பியைப் பிடிக்கவில்லை. நடத்துநர் சீக்கிரம் சீக்கிரம் என்று கத்தினார்.

சாவிக்காரர் ஏழு வயசுப் பிள்ளையைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்கினார்.